மைலேஜ் உங்க காலில் இருக்கு பாஸ்!

வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் அனுப்பின காசில் ஹைபிரிட் கார் வந்தாச்சு. லப்பைக்குடிக்காட்டை ரெண்டு ரவுண்டும் அடிச்சாச்சு. மறு மாசமே, 'லிட்டருக்கு 28 தரும்னாங்க, 20-ஐத் தாண்ட மாட்டேங்குதே'னு புலம்பலா?

2022-ல் வந்த கிராண்ட் விட்டாரா ஹைபிரிட்டுக்குச் சொன்ன 27.97 கி.மீ., சோதனைக்கூடத்துக் கணக்கு. ரோட்டுக் கணக்கு உங்க வலது காலில்தான் இருக்கு.

பிரேக்கை மெதுவா மிதிச்சா, மோட்டாரே ஜெனரேட்டராகி பேட்டரியில் சார்ஜ் ஏத்தும். சடார்னு மிதிச்சா பிரேக் பேட்தான் சூடாகும். அதனால, திருமாந்துறை டோல்கேட் தூரத்தில் தெரியும்போதே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துடுங்க. கடைசி வரை பறந்துபோய் நிறுத்தினா, பெட்ரோலைத் தரையில் ஊத்தின மாதிரி!

ஊருக்குள்ள நெரிசலில்தான் ஹைபிரிட் ராஜா. அங்கே பாதி நேரம் இன்ஜினே தூங்கும். திருச்சி ஹைவேயில் விரட்டினா அந்த லாபம் கரைஞ்சிடும். 80-லிருந்து 100-க்குப் போனாலே காற்று எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல ஏறிடும்.

கியரில் இருக்கிற 'பி'யை பேட்டரினு நினைச்சு அதிலேயே ஓட்டாதீங்க. (சிரிக்காதீங்க, நானும் ஓட்டியிருக்கேன்!) அது கொல்லிமலை மாதிரி நீளமான இறக்கத்துக்கு. மத்த நேரம் 'டி' போதும்.

டயர் காற்றை, வண்டி ஓடி சூடாகறதுக்கு முன்னாடி செக் பண்ணுங்க. டேங்க்கை ஃபுல் பண்ணி, ட்ரிப் மீட்டரை ஜீரோ ஆக்குங்க. அடுத்த ஃபுல் டேங்க்கில் ஓடின கிலோமீட்டரை, போட்ட லிட்டரால் வகுங்க. வர்ற நம்பரை அண்ணனுக்கு வாட்ஸ்அப் பண்ணிடுங்க!