விழாத கட்டிடமும் வாழ முடியாத வீடும்

"பூகம்பம் வந்தாலும் பயமில்லை, எல்லாம் விதிமுறைப்படி கட்டியது" என்று சொல்லித்தான் பூகம்ப பூமிகளில் ஃப்ளாட் விற்கிறார்கள். வாங்குபவரும் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். ஆனால் அதே கட்டிடத்துக்குக் கணக்குப் போட்ட பொறியாளரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள். "பெரிய பூகம்பம் வந்தால் இது பலத்த சேதமடையும், அநேகமாக இடிந்து விழாது. அதற்குப் பிறகு இங்கே குடியிருக்க முடியுமா என்று மட்டும் கேட்காதீர்கள்" என்பார்.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் ஒன்றா?

இதைப் பற்றிப் பேச வேண்டுமானால் கலிஃபோர்னியா கட்டமைப்புப் பொறியாளர்கள் சங்கத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். உலகத்தின் பல நாடுகளில் இன்று இருக்கும் பூகம்ப விதிகளில் இந்தச் சங்கத்தின் கைரேகை இருக்கிறது. வடக்கு, தெற்கு, மத்திய கலிஃபோர்னியா, சான் டியேகோ என்று நான்கு பகுதிச் சங்கங்கள் சேர்ந்த அமைப்பு இது. தொழில்முறைச் சங்கம் என்றால் வருடத்துக்கு ஒரு மாநாடு, விருந்து, ஒரு குரூப் ஃபோட்டோ என்றுதானே நினைப்போம்? இவர்கள் செய்தது வேறு.

1933 மார்ச் 10 மாலை லாங் பீச் நகரத்தை ஒரு பூகம்பம் உலுக்கியது. சுமார் 120 பேர் இறந்தார்கள். நொறுங்கியவற்றில் பள்ளிக்கூடங்கள் ஏராளம். மாலை ஆறு மணியை நெருங்கும் நேரம் என்பதால் உள்ளே பிள்ளைகள் இல்லை. சில மணி நேரம் முன்னால் வந்திருந்தால்? அந்தக் கேள்வி மாநிலத்தையே உலுக்கியது. ஒரே மாதத்தில் ஃபீல்டு சட்டம் வந்தது. இனிப் பள்ளிக் கட்டிடங்களின் வரைபடத்தை மாநில அரசு சரிபார்க்கும், கட்டும்போதும் மேற்பார்வை இருக்கும் என்றது சட்டம்.

பள்ளிக்கூடம் சரி, மற்ற கட்டிடங்கள்? ஊருக்கு ஒரு விதி இருந்தது. சங்கத்தின் பூகம்பக் குழுவில் இருந்த பொறியாளர்கள் சம்பளம் வாங்காமல், அலுவலக வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து, மாநிலம் முழுவதற்கும் பொதுவாக ஒரு விதித்தொகுப்பை எழுதினார்கள். 1959-ல் வெளிவந்த அதற்கு 'ப்ளூ புக்' என்று பெயர் நிலைத்துவிட்டது. அரசாங்கம் கேட்டு எழுதியதல்ல. ஆனாலும் மேற்கு அமெரிக்கா பின்பற்றிய 'யூனிஃபார்ம் பில்டிங் கோட்' பல பதிப்புகளுக்கு இதையே அடிப்படையாக வைத்துக்கொண்டது. விதியை எழுதுபவர்களே அந்த விதியை வைத்துப் பிழைப்பவர்களும்கூட என்று குறை சொல்லலாம்தான். ஆனால் வேறு யார் எழுதியிருப்பார்கள்?

அந்தப் புத்தகத்தின் தத்துவம் எளிமையானது. சின்ன பூகம்பத்தில் எந்தச் சேதமும் கூடாது. நடுத்தரமானதில் சுவர், பூச்சு விரிசல் விடலாம், தூணும் பீமும் தப்ப வேண்டும். பெரியதில் கட்டிடம் கெட்டுப்போகலாம், ஆனால் விழக்கூடாது.

ஏன் இப்படி? பெரிய பூகம்பத்தின் முழு விசையையும் அசையாமல் தாங்கும்படி ஒவ்வொரு வீட்டையும் கட்டினால் செலவு கட்டுப்படியாகாது. எனவே உண்மையில் வரக்கூடிய விசையில் ஒரு பங்குக்குத்தான் கணக்குப் போடுகிறார்கள். மீதியைக் கட்டிடம் வளைந்து கொடுத்துச் சமாளிக்க வேண்டும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி இழுபட்டு, நெளிந்து, பூகம்பத்தின் ஆற்றலைத் தின்றுவிடும். நெளிந்த கம்பி பழைய நிலைக்குத் திரும்பாது. ஆக, சேதம் என்பது விபத்தல்ல, திட்டத்தின் ஒரு பகுதி! இது பொறியாளருக்கு முதல் பாடம். வீட்டுக்காரருக்கோ தெரியவே தெரியாது.

1971 பிப்ரவரி 9 காலை சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் வந்த பூகம்பம் இந்த விதிகளையே சோதித்தது. ஆலிவ் வியூ மருத்துவமனை திறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. புத்தம் புதுக் கட்டிடம், அப்போதைய விதிப்படி கட்டியது. கீழ்த்தளத் தூண்கள் சாய்ந்து, மாடிப்படிக் கோபுரங்கள் கழன்று விழுந்தன. கடைசியில் முழுவதையும் இடிக்க வேண்டியதாயிற்று. அங்கேயே மிகப் பலமாக வேறொன்று கட்டினார்கள். 1994-ல் நார்த்ரிட்ஜ் பூகம்பம் வந்தபோது அதன் தூணுக்கும் சுவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தண்ணீர்க் குழாய்கள் உடைந்து உள்ளே வெள்ளம்! நோயாளிகளை வெளியேற்ற வேண்டி வந்தது.

அதே நார்த்ரிட்ஜ் பூகம்பம் இன்னொரு குட்டையும் உடைத்தது. எஃகுச் சட்டக் கட்டிடங்கள்தான் பூகம்பத்துக்கு மிகப் பாதுகாப்பானவை என்று பொறியாளர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். அவை ஒன்றும் விழவுமில்லை. ஆனால் சில நாட்கள் கழித்து மேல்பூச்சை அகற்றிப் பார்த்தால், தூணும் பீமும் சேரும் இடத்தில் வெல்டிங் விரிந்து கிடக்கிறது. வளைய வேண்டிய இடம் கண்ணாடி மாதிரி பிளந்திருந்தது. அதுவும் ஒன்றிரண்டு கட்டிடங்களில் அல்ல.

இந்தச் சங்கத்தை மதிக்க வேண்டியது இங்கேதான். அந்த இணைப்பை வரைந்தவர்களில் பலர் இந்தச் சங்கத்து ஆட்கள். மூடி மறைத்திருக்கலாம், "கட்டிடம் விழவில்லையே" என்று சமாளித்திருக்கலாம். மாறாக, சங்கம் வேறு இரண்டு அமைப்புகளோடு கூட்டுச் சேர்ந்து ஆராய்ச்சியில் இறங்கியது. பழைய இணைப்பு முறை விதிகளிலிருந்து 1994-லேயே நீக்கப்பட்டது. சோதனைக்கூடங்களில் இணைப்புகளை வளைத்து உடைத்துப் பார்த்து, 2000-ல் புதிய வழிகாட்டி நூல்கள் வெளிவந்தன. தன் ஆட்களின் வேலையில் இருந்த ஓட்டையைத் தானே தோண்டி எடுக்கிற தொழிற்சங்கம் எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள்?

அப்படியானால் குறை என்ன? இவ்வளவு நேர்மையும் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டதாகப் போய்விட்டது. அமெரிக்கா முழுவதற்குமான தற்போதைய விதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 பதிப்பிலிருந்து அதன் இலக்கு இது: மிக அரிதான உச்சகட்ட அதிர்வு வந்தால், சாதாரணக் கட்டிடம் ஒன்று இடிந்து விழும் வாய்ப்பு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பத்தில் ஒன்று வரை ஏற்கத்தக்கது என்று அர்த்தம். இந்த எண்ணிக்கையில் தப்பில்லை என்று வாதாடலாம், செலவுக் கணக்கும் உண்டு. ஆனால் அந்தக் கட்டிடத்தில் தூங்கப்போகிறவரிடம் யார் கேட்டார்கள்?

சான் ஃபிரான்சிஸ்கோ பகுதிச் சங்கத்துக்காரர்கள் இதை யோசிக்காமல் இல்லை. பூகம்பத்தில் உயிர் தப்புமா, எவ்வளவு செலவாகும், எத்தனை நாளில் திரும்பக் குடியேறலாம் என்று கட்டிடத்துக்கு மதிப்பெண் போடும் முறை ஒன்றை உருவாக்கினார்கள். அந்த வழியில் இன்று நட்சத்திரக் குறியீடு கொடுக்கும் அமைப்பும் இருக்கிறது. ஆனால் விரும்பினால் வாங்கலாம், விரும்பாவிட்டால் விடலாம். ஐந்து நட்சத்திரம் கிடைக்கும் என்று தெரிந்தவர் வாங்குவார். ஒன்றுதான் கிடைக்கும் என்று சந்தேகிப்பவர் ஏன் வாங்கப் போகிறார்? இது விளம்பரமாகத்தான் முடியும்.

லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் 1998 முதல் உணவகங்களின் வாசலில் ஏ, பி, சி என்று சுகாதார மதிப்பெண் தொங்குகிறது. சமோசா சாப்பிடப் போகிறவனுக்கு சமையலறை எப்படி என்று தெரியும். முப்பது வருடக் கடன் போட்டு வீடு வாங்குகிறவனுக்குத் தூண் எப்படி என்று தெரியாது! கட்டிட வாசலிலும் அப்படி ஒரு எழுத்தைக் கட்டாயமாகத் தொங்கவிடச் சொல்லிச் சங்கம் போராட வேண்டும். சொத்து விலை இறங்கும், வாடகை ஏறும் என்று உரிமையாளர்கள் கத்துவார்கள். அந்த பயம் நியாயமானது, ஏழை வாடகைக்காரர்தான் முதலில் அடிபடுவார், எனவே சீரமைப்புக்குக் கடனுதவியும் சேர்ந்து வர வேண்டும். ஆனால் பலகை வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் உண்டு. கீழ்த்தளம் பலவீனமான பழைய மரக் குடியிருப்புகளைப் பலப்படுத்த வேண்டும் என்று சான் ஃபிரான்சிஸ்கோ 2013-ல் சட்டம் போட்டது. முதல் படிவத்தைக் கெடுவுக்குள் தராதவர்களின் கட்டிட வாசலில், இடிந்த கட்டிடத்தின் படத்தோடு எச்சரிக்கைப் பலகையை ஒட்டினார்கள். அலட்சியமாக இருந்த பலர் அதற்குப் பிறகு ஓடிவந்தார்கள்.

லாஸ் ஏஞ்சலஸ் 2015-ல் இதே மாதிரி சட்டம் போட்டு, பழைய கான்கிரீட் கட்டிடங்களையும் சேர்த்துக்கொண்டது. போதிய கம்பி இல்லாத இந்தக் கட்டிடங்கள்தான் நெளியாமல் உடைபவை, ஆட்களைக் கொல்பவை. சரிசெய்ய உரிமையாளருக்குக் கொடுத்த அவகாசம், உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 25 வருடம். அதுவரை அங்கே வாடகைக்குப் போகிறவர், மாடியில் வெளிச்சம் வருகிறதா, கார் நிறுத்த இடம் உண்டா என்று கேட்பார். கட்டிடம் நகராட்சியின் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.