தட்டு சத்தமும் ஐந்தாவது அலையும்

என் தங்கை குழந்தைக்கு அப்போது இரண்டரை மாதம். பிறந்தபோது எடுத்த காது டெஸ்ட்டில் ‘சந்தேகம், மறுபடி பார்க்கவும்’ என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் ‘டணார்’ என்று தட்டினாள். தூங்கிக்கொண்டிருந்த நானும் எதிர்வீட்டு நாயும் எழுந்துவிட்டோம். குழந்தையும் திரும்பியது. “பாத்தியாடா! பாம்புக் காது!”

ஆபீஸில் ஒரு நண்பர், “எங்க மாமாவே நாலு வயசுலதான் சார் பேசினார்” என்றார். தங்கை மட்டும் கேட்கவில்லை. ‘பெரா’ டெஸ்ட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

தூங்கும் குழந்தைக்கு நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, காதில் ‘டிக் டிக்’கென்று சத்தம் அனுப்புகிறார்கள். வலி கிடையாது. சத்தம் காது நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குப் போகையில், பத்து மில்லி செகண்டுக்குள் குட்டிக் குட்டி மின் அலைகள் எழும்பும். 1971-ல் அமெரிக்காவில் ஜூவெட், வில்லிஸ்டன் என்ற இருவர் இவற்றுக்கு ரோமன் எண் போட்டார்கள். ஐந்தாவது அலைதான் வி.ஐ.பி. சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், அது எதுவரை தெரிகிறது என்று பார்ப்பார்கள்.

மூளையில் ஓடும் மற்ற இரைச்சலில் இது எப்படித் தெரியும்? அங்கேதான் என் பி.காம். கைகொடுத்தது. ஆயிரம், இரண்டாயிரம் தடவை ‘டிக்’ அனுப்பிச் சராசரி எடுக்கிறார்கள். இரைச்சல் ஒரு தடவை ப்ளஸ், ஒரு தடவை மைனஸ். டெபிட்டும் கிரெடிட்டும் அடிபட்டுப்போக, பாக்கி நிற்பது காதின் பதில்!

பதில் வந்தது. 70 டெசிபலில் இருந்த ஐந்தாவது அலை, 60-ல் இல்லை. இரண்டு காதிலும்.

தட்டு சத்தம் குழந்தைக்குக் கேட்டது நிஜம்தான். நாம் சாதாரணமாகப் பேசுவதே 60 டெசிபல் அளவுதான். அம்மா தினமும் மெதுவாகப் பாடிய தாலாட்டு எதுவும் அதன் காதில் விழவே இல்லை. அம்மா அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

“சீக்கிரம் வந்துட்டீங்க” என்றார் டாக்டர். ஒரு மாதத்துக்குள் முதல் டெஸ்ட், மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை. இதுதான் கணக்காம். பேச்சு வர வேண்டுமென்றால் முதலில் காதில் பேச்சு விழ வேண்டுமே!

ஐந்தாம் மாதம் காதுக் கருவி மாட்டினார்கள். அம்மா மெதுவாக, “கண்ணு...” என்றாள். பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை சட்டென்று நிறுத்திவிட்டுக் கண்ணை அகல விரித்தது.

எங்கள் வீட்டில் இப்போது தட்டு, சாப்பிட மட்டும்தான்.