பறித்த வாக்குரிமை எங்கே?

1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுன் மக்களும், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் மக்களும் ஓட்டுப் போட்டு நகரசபைக்கு உறுப்பினர்களை அனுப்பினார்கள். 1965-ல் இந்தோனேசியச் சண்டையைக் காரணங்காட்டி ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தினார்கள். சண்டை 1966-ல் ஓய்ந்தது, தேர்தல் திரும்பியதா? இல்லை!

செனட்டர் அத்தி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச விசாரணைக் குழு தேர்தல் வேண்டுமென்றே பரிந்துரைத்தது. அதற்குச் செவி சாய்க்காமல், 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தால் தேர்தலையே ஒழித்தார்கள். இன்றும் மாநில அரசு நியமிப்பவரே உறுப்பினர்.

"செலவாகும், இனப்பகை மூளும்" என்கிறார்கள். நாடாளுமன்றத் தேர்தலுக்கு மட்டும் செலவில்லையா? தோட்டம் துண்டாடப்பட்டுத் தாமானில் குடியேறிய தொழிலாளி மதிப்பீட்டு வரி கட்டுகிறான். சாக்கடை அடைத்தால் தட்டிக் கேட்க அவனுக்கு ஓட்டு இல்லை.

பால்வெட்டுத் தொழிலாளியும் கிராணியும் சங்கத் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். சங்கத்துக்குத் தகுந்தவன் ஊருக்குத் தகாதவனா? உரிமையைத் திருப்பிக் கொடுங்கள்!