வீட்டை நாமே விற்பதா, புரோக்கரிடம் விடுவதா?

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், பெரியகுளம் என தேனி மாவட்டத்தின் எந்த ஊரில் பூர்வீக வீடு விலைக்கு வந்தாலும் முதலில் எழும் கேள்வி இதுதான். பிள்ளைகள் சென்னையிலும் வளைகுடாவிலும் இருந்தால், புரோக்கரிடம் பொறுப்பை விடுவதே எளிதாகத் தோன்றும்.

தரகுக் கூலி மார்க்கத்தில் ஆகுமானதே. ஆனால் கூலி எவ்வளவு என்பதை முன்பே பேசிவிட வேண்டும். வழக்கத்தில் அது விலையில் 1 அல்லது 2 சதவீதம். 40 லட்ச ரூபாய் வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் 80,000 ரூபாய். வெளியூரிலிருந்து ஆள் தேடி அழைத்து வருபவருக்கு அது நியாயமான கூலி. வாங்கப்போவது அடுத்த வீட்டுக்காரரோ சொந்தக்காரரோ என்றால் அந்தச் செலவு தேவையில்லை.

இழப்பு எங்கே?

பெற்றோர் இருவரும் மரணித்து, இரண்டு மகன்களும் ஒரு மகளும் மட்டுமே வாரிசுகள். கடனோ வஸிய்யத்தோ இல்லை என்று வைத்துக்கொள்வோம். அந்நிஸா அத்தியாயத்தின் 11-வது வசனப்படி சொத்து ஐந்து பங்கு. 40 லட்சத்தில் மகன்களுக்கு தலா 16 லட்சம், மகளுக்கு 8 லட்சம். புரோக்கர் கூலியில் மகளின் பங்கு 16,000 ரூபாய்தான். அதே வீடு 30 லட்சத்துக்குப் போனதாக அவரிடம் சொன்னால் இழப்பு 2 லட்சம்.

'எங்களுக்கு 30 லட்சம் கொடுத்துவிடுங்கள், மேலே கிடைப்பது உங்களுக்கு' என்று புரோக்கரிடம் பேசும்போது இந்த இழப்புக்கு வழி பிறக்கிறது. புரோக்கரே இல்லாமல் அண்ணன் விற்றாலும் அது நடக்கும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்பதால், பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாகக் கைமாற்றுகிறார்கள். தங்கைக்குத் தெரிவது பத்திர விலை மட்டுமே.

சட்டம் எதுவரை வரும்?

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் ஏஜென்ட்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. ஆனால் அது, அந்தச் சட்டத்தின் கீழ் பதிவான மனைப்பிரிவுகள், அடுக்குமாடித் திட்டங்களில் நடக்கும் விற்பனைக்குத்தான். பூர்வீக வீட்டை விற்றுத்தரும் ஊர்ப் புரோக்கரை அது கட்டுப்படுத்தாது. எனவே பாதுகாப்பை நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

* விலை பேசும் முன்பே வாரிசுச் சான்றிதழும் வில்லங்கச் சான்றும் கையில் இருக்கட்டும்.

* ஒரு வாரிசு கையெழுத்திட்டால் அவருடைய பங்கு மட்டுமே வாங்குபவருக்குப் போகும். சகோதரிகள் உட்பட எல்லோரும் கையெழுத்திட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற அதிகாரப் பத்திரம் அனுப்பலாம்.

* புரோக்கர் கூலியை எழுதி வையுங்கள். வாங்குபவரிடம் விலையை நேரில் பேசுங்கள்.

* அட்வான்ஸ் வாங்கினால் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். 2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் அது கட்டாயம்.

* பணம் வங்கி வழியாகவே வரட்டும். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க வருமானவரிச் சட்டத்தில் இடம் உண்டு.

புரோக்கர் வேண்டுமா வேண்டாமா என்பது அவரவர் வசதி. உண்மையான விலை எல்லா வாரிசுகளுக்கும் தெரிய வேண்டும் என்பது அமானிதம். மறைக்கப்பட்ட விலையில் எடுத்த பணம் சகோதரியின் ஹக். அதற்கு அல்லாஹ்விடம் பதில் சொல்லியாக வேண்டும்.