எந்த மரபை வேதத்தின் முன் நிறுத்துவது?

கனம் தரங்கம்பாடி பேராயர் ஐயா அவர்களுக்கு,

நன்னிலத்திலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "இது வேதத்தில் எங்கே இருக்கிறது?" கேட்கட்டும். பவுல் பிரசங்கித்ததையே வேதவாக்கியங்களோடு ஒத்துப்பார்த்த பெரோயா பட்டணத்தாரை அப்போஸ்தலர் நடபடிகள் மெச்சிப் பேசுகிறது. ஆனால் அந்தக் கேள்வி எதன்மேல் பாய்கிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது. பெண்கள் தலையில் வைக்கும் மல்லிகைமேல் பாய்கிறது. தை மாதப் பொங்கல் பானைமேல், அறுப்பின் பண்டிகைக்குப் பீடத்தருகே சாத்திவைக்கும் சம்பாக் கதிர்க்கட்டுமேல், டிசம்பர் 25 என்ற தேதிமேல் பாய்கிறது.

தேதி வேதத்தில் இல்லைதான். லூக்கா பிறப்பைச் சொல்கிறார், நாளைச் சொல்லவில்லை. சாம்பற்புதனும் இல்லை, லெந்து நாட்களை அனுசரிக்கும்படி கட்டளையும் இல்லை. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1530-இல் எழுதப்பட்டு, லுத்தரன் சபைகள் இன்றும் ஏற்றிருக்கும் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை இதற்கு நிதானமாக வழி சொல்லியிருக்கிறது. மனிதர் ஏற்படுத்திய முறைமைகளைப் பாவமில்லாமல் கைக்கொள்ள முடியுமானால், அவை ஒழுங்குக்கு உதவுமானால், வைத்துக்கொள்ளலாம். இரட்சிப்புக்கு அவை தேவை என்று யாருடைய மனச்சாட்சியையும் கட்டக் கூடாது. எல்லா ஊரிலும் அவை ஒரே மாதிரி இருக்க வேண்டியதும் இல்லை. எங்கள் கதிர்க்கட்டுக்கு இதற்கு மேல் ஓர் உத்தரவு வேண்டாம்.

என் வருத்தம் வேறு. வேதத்தில் இல்லாதவற்றை இவ்வளவு விசாரிக்கிற நாம், வேதத்துக்கு விரோதமானவற்றை விசாரிப்பதே இல்லை.

ஒரு கார்த்திகை மாதம், இந்தப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் அடக்கத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர், எந்த மிஷன் என்று எழுதப் போவதில்லை. ரோட்டோரமாகவே மதில் எழுப்பி, கேட் போட்ட கல்லறைத் தோட்டம் ஒன்று இருந்தது. பெட்டி அங்கே நிற்காமல் போயிற்று. அடுத்து வாய்க்கால், அதற்கப்புறம் மழையில் கரைந்துகிடந்த வரப்பு. தூக்கியவர்கள் வரப்பில் கால் ஊன்ற முடியாமல் நட்ட வயலுக்குள் இறங்கினார்கள். முழங்கால் வரை சேறு. குழியில் ஊறிய தண்ணீரை ஒருவர் அலுமினியச் சட்டியால் இறைத்துக்கொண்டே இருந்தார். உபதேசியார் உயிர்த்தெழுதலைப் பற்றிய பகுதியை வாசித்து முடிக்கும்வரை அவர் கை ஓயவில்லை. திரும்பும்போது, ரோட்டோரத் தோட்டம் யாருடையது என்று கேட்டேன். "அது அவங்களுதுங்க" என்றார் ஒரு பெரியவர். அந்த 'அவங்க'ளும் இறந்துபோனவரும் ஞாயிறுதோறும் ஒரே கோவிலில் ஆராதித்தவர்கள். இது வேதத்தில் எங்கே இருக்கிறது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

இது பழைய நோய், ஐயா. தரங்கம்பாடி மிஷன் அச்சுக்கூடத்திலிருந்து 1714-இல் சுவிசேஷங்களும் நடபடிகளும் தமிழில் வெளிவந்தன. தஞ்சை மன்னரின் படையில் சேவகம் செய்த ராஜநாயக்கன் அந்தப் புத்தகத்தைப் படித்தார். கத்தோலிக்கராக இருந்தவர், படித்ததைக் கொண்டு தாம் பழகிய மார்க்கத்தைச் சோதித்து, தரங்கம்பாடி சபைக்கு வந்து உபதேசியாரானார். உடன் உபதேசியார்களில் 1733-இல் ஆரோனும் 1741-இல் தியோகுவும் குருப்பட்டம் பெற்றார்கள். ராஜநாயக்கனுக்குக் கடைசிவரை அது கிடைக்கவில்லை. அவர் பறையர் குலத்தவர். அவர் கையால் திருவிருந்து வாங்க மற்றச் சாதியார் வரமாட்டார்கள் என்று மிஷனரிமார் அஞ்சினார்கள். வேதத்தைக் கையில் கொடுத்தவர்களே, அதை நம்பி வந்தவரை ஊர் வழக்கத்துக்குப் பயந்து நிறுத்திவைத்தார்கள்.

நூறு வருஷம் கழித்துத் தஞ்சாவூரில் அடுத்த சண்டை. மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரின் மாணவரும் சரபோஜி மன்னரின் அவைப் புலவருமான வேதநாயகம் சாஸ்திரியார், புதிதாக வந்த இளம் மிஷனரிமார்மேல் கொதித்து எழுதினார். பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றினார்கள், பண்டிகைக்குப் பூவைத் தடுத்தார்கள், தமிழ்க் கீர்த்தனைகளை ஒதுக்கினார்கள், சாதியார் எல்லோரையும் கலந்து உட்காரச் சொன்னார்கள் என்பவை அவருடைய முறையீடுகள். பூவுக்கும் கீர்த்தனைக்கும் அவர் வாதாடியது முழுக்க நியாயம். அவர் பாட்டில்லாமல் இன்று நம் ஆராதனை ஏது? ஆனால் தனித்தனி இருக்கையையும் அதே மூட்டையில் கட்டி, முன்னோர் வழக்கம் என்று காக்கப் பார்த்தார். அந்த இடத்தில் நியாயம் மிஷனரிமார் பக்கம் இருந்தது. பூவையும் சாதியையும் ஒரே தராசில் வைத்ததுதான் இரு தரப்பாரும் செய்த பிழை. நாம் இன்னும் அந்த மூட்டையைப் பிரிக்கவில்லை.

1833-இல் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விடுத்தார். அதை ஏற்காமல் சபையை விட்டு விலகியவர்கள் உண்டு; அவர்களில் பலரைப் பிறகு லுத்தரன் மிஷன் சேர்த்துக்கொண்டது. நம் சபையின் சரித்திரத்தில் இந்த ஏடும் இருக்கிறது. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

இந்த வழக்கத்தைத் தொட்டால் ஊர் அமைதி கெடும் என்பார்கள். அந்தியோகியாவில் பேதுருவும் அப்படித்தான் யாருக்கோ பயந்து, புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகினார். பவுல் அதை எல்லோர் முன்பாகவும் கண்டித்தார் என்று கலாத்தியர் நிருபம் சொல்கிறது. இதைத் தங்களுக்குத் தனிக் கடிதமாக எழுதாமல் திறந்த மடலாக எழுதுவதற்கு அதுவே எனக்குத் தைரியம். இருக்கையைப் பற்றி யாக்கோபு 2-ஆம் அதிகாரத்தை விடப் பச்சையாகப் பேசுகிற இடம் வேதத்தில் வேறில்லை: பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடம், ஏழைக்குக் காலடி. மனிதர் வழக்கத்தைக் காக்கத் தேவ கட்டளையை அவமாக்குகிறவர்களை மாற்கு 7-இல் இயேசு என்ன சொன்னார் என்பதும் தாங்கள் அறிந்ததே.

ஐயா, நான் கேட்பது மூன்று காரியம். வரும் லெந்து நாட்களில் எல்லாச் சபைகளிலும் யாக்கோபு 2-ஐ வாசித்து, இருக்கையையும் அடக்கத்தையும் பற்றியே பிரசங்கிக்கும்படி ஐயர்மாருக்கு எழுதுங்கள். சபைகளின் பொறுப்பில் உள்ள கல்லறைத் தோட்டங்கள் எவை, அவற்றில் யாரை அடக்கம் செய்கிறார்கள், யாருக்கு இடமில்லை என்ற கணக்கை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இடமில்லை என்று எழுதுகிற சபை அந்தக் கேட்டைத் திறக்கும்வரை, அதன் பண்டிகைகளுக்குத் தாங்கள் தலைமை தாங்க வர வேண்டாம். நன்னிலம் வட்டாரத்துக் கணக்கை எடுக்க எங்கள் வாலிபர்கள் தயாராக இருக்கிறார்கள். தங்கள் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று போதும்.

இப்படிக்கு,
நன்னிலத்திலிருந்து ஒரு சபையார்