எம்.யு-2 மீது விழுந்த பழி

அமெரிக்காவில் பழைய டர்போப்ராப் விமானம் வாங்கக் கிளம்புகிறவரிடம் யாராவது ஒருவர் இப்படிச் சொல்லாமல் இருக்க மாட்டார்: "எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், மிட்சுபிஷி எம்.யு-2 மட்டும் வேண்டாம். அது ஆளைக் கொல்லும் விமானம்." இரண்டு என்ஜின், காற்றழுத்தக் கேபின், மணிக்கு 500 கி.மீ.யைத் தாண்டும் வேகம் என எல்லாம் இருந்தும் அதே வயதுள்ள போட்டி விமானமான கிங் ஏரைவிட இது மலிவாகக் கிடைப்பதற்கு இந்தப் பேச்சும் ஒரு காரணம். பேச்சு தவறானது.

வடிவமைப்பிலேயே கோளாறு என்கிறார்கள். 1963-ல் ஜப்பானில் முதன்முதலாகப் பறந்த இந்த விமானத்துக்கு, வேகத்துக்காகவே சின்ன இறக்கை வைத்தார்கள். நீளம் குறைந்த ஓடுபாதையிலும் அது இறங்க வேண்டும் என்பதால் இறக்கையின் பின்விளிம்பு முழுவதையும் ஃப்ளாப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். வழக்கமாக விமானத்தைச் சாய்க்கும் எய்லரானுக்கு இடமில்லாமல் போனது. விமானத்தைச் சாய்ப்பது இறக்கையின் மேற்பரப்பிலிருந்து எழும் ஸ்பாய்லர்தான். இடது என்ஜின் நின்றுபோனால், வேறு விமானங்களில் பழகிய கை யோக்கைத் தானாகவே வலப்பக்கம் திருப்பும். இங்கே அப்படிச் செய்தால் வலது ஸ்பாய்லர் எழுந்து, நல்ல பக்கத்து இறக்கையின் தூக்குவிசையையும் கெடுத்துவிடும். ரடரை அழுத்தி, ட்ரிம்மால் சாய்வைச் சரிசெய்து, ஸ்பாய்லரைப் படுக்க வைக்க வேண்டும். வேறு பழக்கம் கேட்பது கோளாறு ஆகாது.

விபத்துக் கணக்கைக் காட்டுவார்கள். கணக்கை நான் மறுக்கவில்லை; இதே ரக விமானங்களைவிடப் பல காலம் இதில் விபத்து அதிகம்தான். காரணத்தையும் பார்க்க வேண்டாமா? எடை 5,670 கிலோவுக்குள் இருந்ததால், அமெரிக்கச் சட்டம் இதை ஓட்டத் தனித் தகுதி எதையும் கேட்கவில்லை. சிறிய பிஸ்டன் இரட்டை என்ஜின் விமானம் ஓட்டியவர் நேராக இதில் ஏறி உட்கார முடிந்தது. அந்த ஓட்டை வழியாகத்தான் அத்தனை சாவும் வந்தது என்று சொல்ல மாட்டேன். 1993-ல் தெற்கு டகோட்டா கவர்னர் ஜார்ஜ் மிக்கல்சன் உட்பட எட்டுப் பேர் இறந்தது, ப்ரொப்பெல்லர் ஹப் உலோகச் சோர்வால் முறிந்ததால். ஆனால் பெரும்பங்கு அந்த ஓட்டைக்குத்தான். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. 2005-ல் ஆராய்ந்து, 2008-ல் தனி விதி கொண்டுவந்தது: எல்லாருக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே செக்லிஸ்ட், ஆண்டுதோறும் பயிற்சி. இறக்கையையோ ஸ்பாய்லரையோ யாரும் மாற்றச் சொல்லவில்லை. அதன்பின் உயிர்ப்பலி விபத்துகள் வெகுவாகக் குறைந்தன. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

உடனே 2016-ஐ எடுப்பார்கள். கனடாவின் மக்தலேன் தீவுகளில் ஏழு பேர் இறந்தார்கள். தரையிறங்க வந்த விமானம் சீராக வரவில்லை. வேகம் மிகக் குறைந்த நேரத்தில் சட்டென்று முழு பவர் கொடுக்கப்பட, அது உருண்டது. சீராக வராத இறக்கத்தைக் கைவிட்டு மேலேறுவது எந்த விமானத்திலும் விமானியின் முதல் கடமை.

1986-ல் தயாரிப்பு நின்றுவிட்டது, இனி யார் பார்ப்பார்கள் என்ற கேள்வி சுலபமானது. தயாரிப்பை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆன பின்னும் மிட்சுபிஷி டெக்சாஸிலிருந்து இந்த விமானங்களுக்குத் தொழில்நுட்ப ஆதரவு தந்தது, விமானிகளுக்குக் கருத்தரங்குகளும் நடத்தியது.

வாங்குகிறவர் பயப்பட வேண்டியது பராமரிப்பைப் பற்றித்தான். லாக்புக்கைப் புரட்டுவதோடு நிற்காதீர்கள். ஒருமுறை விற்பவரோடு பறந்துவிட்டு, தரையிறங்கி என்ஜினை நிறுத்தியபின் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். எம்.யு-2-ல் இருக்கும் கேரட் நிறுவன என்ஜினின் ஷாஃப்ட் நீளமானது. சூடு மேலேறித் தங்குவதால் மேல்பக்கம் சூடாகவும் கீழ்ப்பக்கம் ஆறியும் அது வளையப் பார்க்கும். விவரம் தெரிந்தவர் இறங்கியதும் ப்ரொப்பெல்லரைக் கையால் சில சுற்று சுற்றிவிடுவார். கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறவரின் என்ஜினை இரண்டு மடங்கு கவனத்தோடு சோதிக்கச் சொல்லுங்கள்.

ஆண்டுப் பயிற்சிக்கு நாளும் பணமும் ஒதுக்க முடியாதென்றால் எம்.யு-2 வாங்காதீர்கள். அப்படிப்பட்டவர் கிங் ஏரும் வாங்கக் கூடாது.