மண்பாண்டமும் ஊர்ப்பெயரும்

சந்தையில் மண்பானை வாங்குவோர் அதைத் தட்டி ஓசை பார்ப்பர், விரிசல் தேடுவர், விலை குறைக்கச் சொல்வர். எந்த ஊர் மண், எவர் வனைந்தது என்று கேட்போர் மிகச் சிலரே. பெயரற்ற பொருளுக்கு நல்ல விலை கிடைப்பதில்லை. இக்குறையைப் போக்குவதே நல்ல கைவினைக் கடையின் முதற்பணி என்பது நம் கருத்து.

மேனாடுகளிலும் இதே கவலை உண்டு. ஸ்பெயின் நாட்டுத் தலவேரா நகரின் வண்ணப் பாண்டக் கலையை 2019இல் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. போர்த்துக்கல் நாட்டுப் பிசல்யாயிஷ் ஊரின் கரும்பாண்டத் தொழிலோ, உடனே காக்கப்பட வேண்டியவற்றின் பட்டியலில் 2016இல் இடம்பெற்றது. அத்தொழிலைக் கற்க இளைஞர் முன்வரவில்லை என்பதே காரணம். இத்தகைய பாண்டங்களை ஊர்ப்பெயர் சொல்லி விற்கும் கடைகள் அந்நாட்டு நகரங்களில் உண்டு.

நம் தாயகத்தில் 1973இல் தோன்றிய தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம், 'பூம்புகார்' என்னும் பெயரில் கடைகள் நடத்துகிறது. சென்னை அண்ணா சாலைக் கடையில் நவராத்திரிக் காலத்துக் கொலுப் பொம்மைக் கண்காட்சி புகழ் பெற்றது. குயவரின் கைவேலை நகரத்து மக்களின் கண்ணில் படுவதற்கு இது ஒரு நல்வாய்ப்பு.

சிவகங்கை மாவட்டத்து மானாமதுரை மண்பாண்டம் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அங்கே களிமண்ணை மணலுடன் கலந்து மிதித்துப் பதப்படுத்துவர், சக்கரத்தில் வனைவர், ஈரம் முற்றும் வற்றுமுன் பலகையால் தட்டித் தட்டி இறுக்குவர், உலர்த்திய பின் சூளையில் இடுவர். கச்சேரி மேடை ஏறும் கடமும் அவ்வூரில் இவ்வாறே உருவாகிறது. சுவரின் கனம் ஒரு சீராக அமையாவிடில் நாதம் கெடும். இவ்வுழைப்பை அறிந்தவர் ஐந்து ரூபாய்க்கு வாதாடுவரோ?

தங்கவயல் மக்களாகிய நமக்கு இஃது அயலார் கதையன்று. 2001இல் சுரங்கம் மூடப்பட்டபோது, தலைமுறைகளாகப் பயின்ற தொழிற்றிறம் கேட்பாரற்றுப் போவது எத்தகைய துயரம் என்பதை இவ்வூர் கண்டது. சுரங்கத்தைத் திறப்பது நம் கையில் இல்லை. குயவரின் சக்கரம் நில்லாமல் சுழல்வது ஓரளவேனும் நம் கையில் உண்டு.

ஆகவே பொங்கற்பானை வாங்கச் செல்லும் அன்பர்கள், "எந்த ஊர்ப் பானை? வனைந்தவர் யார்?" என்று இரண்டு கேள்விகள் கேட்க வேண்டுகிறோம். கிடைத்த விடையை வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். சென்னையிலிருந்து வாங்கி வருவோர், பழந்துணி சுற்றிக் கூடையில் வைத்துக் கையோடு கொண்டு வருக. பங்காருப்பேட்டையில் வண்டி மாறும் நெரிசலில் பானைக்கும் ஓர் ஆள் துணை வேண்டும்.